பரமபதப் படமும் பழுத்த வயதும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருப்பதற்காகப் பரமபதப் படத்தை விரித்த தலைமுறை நம்முடையது. கூடத்தின் நடுவே படம். சுற்றிலும் பாட்டனார் முதல் பேரன் வரை அனைவரும். தாயம் விழாமல் தொடக்கக் கட்டத்திலேயே நின்றுவிட்ட தாத்தாவின் முகம், சிறுவர் முகம் போலவே வாடும். அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று எவரும் இகழ்ந்ததில்லை. உபவாசமும் விளையாட்டும் ஒரே விரதத்தின் இரு பகுதிகளாக இருந்தன.

இன்று அப்படத்தைப் பரணிலிருந்து இறக்குவோர் சிலரே. முதியோர் விளையாடுவது தகாது என்னும் எண்ணம் நம் மனத்திலேயே வேரூன்றிவிட்டது. என் தமக்கையார் கணவரை இழந்த ஆண்டில், படத்தோடு வந்த பேத்தியிடம், "இனி எனக்கென்ன விளையாட்டு, கண்ணு? ஒரு மூலையில் நாமம் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்" என்று கூறி அனுப்பிவிட்டார். அச்சொல்லில் பக்தி இருந்தது. ஆயினும் துயரமே மிகுதி என எனக்குத் தோன்றியது.

நாமம் சொல்வதற்கும் விளையாடுவதற்கும் பகை உண்டா? மணிவாசகப் பெருமானை எண்ணிப் பாருங்கள். அவர் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கச் சென்ற வழியில், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு தம்மை மறந்தவர். அரசனின் சினத்தையும் தண்டனையையும் கண்டு கனிந்த அப்பெரியவர், தம் இறையனுபவத்தைப் பாடத் தேர்ந்த வடிவங்களுள் பல, பெண்பிள்ளைகள் ஆடிய ஆட்டங்கள்! காய்களை மேலே எறிந்து பிடிக்கும் அம்மானை, ஊஞ்சலாடும் பொன்னூசல், பூக்கொய்யும் பூவல்லி, இன்னும் உந்தியார், தோணோக்கம். திருச்சாழலில் ஒருத்தி, ஈசனின் திருநீற்றையும் பாம்பணியையும் குறைகூறி வம்புக்கு இழுக்கிறாள். மற்றொருத்தி அயராமல் விடை பகர்கிறாள். அந்த வம்பிலே சைவத்தின் உட்பொருள் முழுதும் வெளிப்பட்டுவிடுகிறது. அமைச்சராக இருந்தவன் இப்படிப் பாடலாமா என்று அவர் தயங்கவில்லை.

பெரியாழ்வாரும் அவ்வாறே. பாண்டியன் சபையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றவர், யசோதையாகவே மாறிக் கண்ணனைச் சப்பாணி கொட்ட அழைக்கிறார். அவனோடு விளையாட வரும்படி நிலவைக் கூவுகிறார். அவன் அப்பூச்சி காட்டும்போது அஞ்சுகிறார். என்னைக் கேட்டால், அவர் பெற்ற பரிசுகளுள் பொற்கிழியைவிட அந்த அச்சமே பெரிது.

படைப்பினால் இறைவன் அடைய வேண்டிய பயன் ஒன்றுமில்லை, அது அவனுக்கு லீலையே என்கிறது பிரம்ம சூத்திரம். மதுரைச் சொக்கேசர் நிகழ்த்திய 64 செயல்களுக்கும் திருவிளையாடல் என்றே பெயர். அவற்றுள் என் நெஞ்சை விட்டு அகலாதது, பிட்டுக்கு மண் சுமந்தது. வையைக் கரையை அடைக்க வீட்டுக்கோர் ஆள் வரவேண்டும் என்பது அரசாணை. பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கு உற்றார் எவருமில்லை. அவளுக்குக் கூலியாளாக வந்தவர் உதிர்ந்த பிட்டை உண்டார், மண்ணைக் கொட்டுவது போல் கொட்டினார், ஆடினார், பாடினார், கூடையைத் தலைக்கு வைத்து உறங்கியும் போனார். பிரம்படி பட்டது பிறகு. தனித்திருந்த ஒரு கிழவியின் வாசலுக்கு ஆலவாய் அண்ணல் உபதேசம் செய்ய வரவில்லை, விளையாட வந்தார்.

இதைத் தமக்கையாரிடம் ஒருநாள் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை.

சென்ற வைகுண்ட ஏகாதசியன்று, சகஸ்ரநாமம் முடித்தபின் அவரே பேத்தியை அழைத்துப் படத்தை விரிக்கச் சொன்னார். நள்ளிரவுக்குமேல் அவருடைய காய் பரமபதத்திற்கு இரண்டு கட்டமே குறைவாக நின்றது. அடுத்த வீச்சில் ஒன்று விழுந்தது. அங்கிருந்த பெரிய பாம்பு அவரை அடிவரிசைக்கே இறக்கிவிட்டது.

"பெருமாளே, வாசல்வரை அழைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாயே!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஓராண்டுக்குமேல் அந்த வீடு கேளாத சிரிப்பு அது. பிறகு சோழிகளைத் திரட்டிக்கொண்டு, "யாரும் தூங்கக்கூடாது, விடிய இன்னும் நேரம் இருக்கிறது" என்றார்.