பூட்டானிய அகதிகளும் தற்கொலை இடரும்

நேபாளி மொழி பேசும் லோட்சம்பா மக்கள் 1990களின் தொடக்கத்தில் தெற்குப் பூட்டானிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஆவர். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாள முகாம்களில் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் 2008 முதல் ஐக்கிய அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்டனர்.

2009 பெப்ரவரி முதல் 2012 பெப்ரவரி வரை அங்கு இவர்களுள் 16 பேர் தற்கொலையால் இறந்தனர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வின்படி, வயதுக்கேற்பச் சீராக்கிய ஆண்டு விகிதம் இலட்சத்துக்கு 24.4 ஆகும், அந்நாட்டுப் பொது விகிதம் 12.4. மொத்த எண்ணிக்கை சிறியதாகையால் இவ்விகிதத்தைக் கவனத்துடனேயே கொள்ளவேண்டும்.

முகாம் துயரமே காரணம் எனக் கருதிவிடலாகாது. இறந்தோரின் உறவினர்கள் மிகுதியாகக் குறிப்பிட்டது புதிய நாட்டில் நேர்ந்த மொழித் தடையையே. பிரிந்த குடும்பத்தைப் பற்றிய கவலை அதற்கு அடுத்தது. ஆங்கிலம் அறியாத குடும்பத் தலைவர் மருத்துவமனைக்குச் செல்லவும் பிள்ளைகளின் துணையை நாடவேண்டியதாகிறது; வீட்டில் அவருக்கிருந்த இடம் இவ்வாறு தலைகீழாகிறது.

உதவி நாடுவதிலும் சிக்கல் உண்டு. நேபாளியில் உணர்வுக்குரிய உள்ளம் 'மன்' எனவும், அறிவுக்குரியது 'திமாக்' எனவும் வழங்கும். (முன்னது நம் 'மனம்' என்பதன் உறவுச்சொல்.) 'மன்' வருந்துவது எவர்க்கும் இயல்பு, 'திமாக்' பழுதானால் பித்தன் என்ற பழி வரும். எனவே 'மன்' பற்றிக் கேட்டு உரையாடலைத் தொடங்குவது பயன்தரும் என ஆய்வாளர் சிலர் பரிந்துரைத்துள்ளனர். பின்னர் பூட்டானியச் சமூகத் தலைவர்களுக்கே உளநல முதலுதவிப் பயிற்சி அளிக்கப்பட்டது.