வெயிலுக்குக் காத்தைக் குறைக்கலாமா? ஒரு டயர் கணக்கு

சித்திரை வெயில் ஏற ஆரம்பிச்சதும் நம்ம பக்கம் ஒரு அறிவுரை சுத்தி வரும்: "டயர்ல காத்தை ரெண்டு மூணு பாயின்ட் குறைச்சு வைங்க, இல்லேன்னா வெடிச்சிடும்." கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா விஷயம் நேர் தலைகீழ். ஏன்னு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மூடிய இடத்தில் இருக்கும் காற்றின் அழுத்தம், அதன் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும். வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்கணும். மீட்டர் காட்டும் எண்ணோடு வளிமண்டல அழுத்தமான 14.7-ஐயும் கூட்டணும். அவ்வளவுதான் சூத்திரம்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா தெரிகிற ஸ்டிக்கரில் 33 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்குன்னு வச்சுக்குவோம். அது ஆறின டயருக்கான எண். அதாவது, வண்டி மூணு மணி நேரமாவது ஓடாம நின்னிருக்கணும். மே மாதக் காலை, 28 டிகிரியில் 33 நிரப்பறீங்க. மதியம் ஏனாத்தூரிலிருந்து கிளம்பி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓட்டும்போது டயருக்குள் காற்று 60 டிகிரிக்குப் போனா, மீட்டர் 38 காட்டும். இது கோளாறு இல்லை. இந்த ஏற்றத்தையும் கணக்கில் வச்சுத்தான் டயரைச் செய்யறாங்க.

பங்கில் அதைப் பார்த்து 33-க்கு இறக்கினா, மறுநாள் காலையில் மிச்சம் இருப்பது 28 தான். காத்து குறைஞ்ச டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமா மடங்கி நிமிரும். அந்த மடக்கம்தான் சூட்டைக் கிளப்பும். ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் அடுக்கும் ஒட்டு விடும், கடைசியில் வெடிப்பு. வெடிக்கக் கூடாதுன்னு இறக்கின காத்தே வெடிப்புக்கு வழி பண்ணுது.

இனி மழைக்காலம். மே மாதத்துக்குப் பிறகு காத்தே பார்க்காத வண்டி ஒண்ணை எடுத்துக்குவோம். டிசம்பர் விடியலில் 20 டிகிரி என்றால், குளிரால் குறைவது 1.3 பி.எஸ்.ஐ. மட்டும். ஆனா பஞ்சர் இல்லாத டயரிலும் மாசத்துக்குச் சுமார் 1 பி.எஸ்.ஐ. கசியும். ஏழு மாசத்துக்கு 7. ஆக 33 என்பது 25 பக்கம் வந்திருக்கும். பனியைவிடக் கசிவுதான் பெரிய கணக்கு.

தேங்கின தண்ணியில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, நாசாவில் ஹார்ன், டிரெஹர் இருவரும் 1963-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டாங்க. பி.எஸ்.ஐ.யின் வர்க்கமூலத்தைச் சுமார் 16.7-ஆல் பெருக்கினா கிலோமீட்டரில் வேகம் வரும். 33-க்கு 96, 25-க்கு 83. விமான டயர்களை வச்சுக் கண்டது. காருக்குப் பட்டனின் ஆழம், தண்ணியின் ஆழத்தைப் பொறுத்து மாறும். ஆனா போக்கு இதுதான்: காத்து குறையக் குறைய, குறைஞ்ச வேகத்திலேயே பிரேக்கும் ஸ்டியரிங்கும் கையை விட்டுப் போகும்.

நைட்ரஜன் அடிச்சா இந்தக் கவலை இல்லையா? சாதாரணக் காத்திலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் ஏறும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான்:

- மாசம் ஒரு தடவை, காலையில் வண்டி எடுக்கும் முன் அளங்க. ஸ்டெப்னியையும் சேர்த்து.
- ஓடின சூட்டில் அளந்தா, கூடுதலாக் காட்டுதேன்னு காத்தை இறக்காதீங்க.
- கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு வண்டி நிறைய வர்றீங்கன்னா, ஸ்டிக்கரில் முழு பாரத்துக்குத் தனி எண் இருக்கான்னு பாருங்க.
- டயரின் பக்கவாட்டில் அச்சடிச்சிருப்பது அதிகபட்ச அளவு. நிரப்ப வேண்டிய அளவு ஸ்டிக்கரில் இருப்பதுதான்.