உஷார்! "சும்மா சொல்றான்" என்று விட்டுவிடாதீர்கள்

எங்கள் தெருமுனை டீக்கடையில் மூன்று மாதமாகப் பாக்கி வைத்திருந்த பையன் ஒருவன், ஒருநாள் ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் வந்து மொத்தப் பணத்தையும் எண்ணி வைத்தான். "இத்தனை நாள் பொறுத்துக்கிட்டீங்க, நன்றிண்ணே" என்றான். வேறு கடைக்காரராக இருந்தால் நோட்டில் கோடு அடித்துவிட்டு ஷட்டரை இறக்கியிருப்பார். இவர் உஷாரானார். வேலை போனதிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் முகம் கறுத்துத் திரிந்தவன், திடீரென்று தெளிவாகக் கணக்கு முடிக்கிறானே! "ஒரு டீ குடிச்சிட்டுப் போ தம்பி" என்று உட்காரவைத்து நேராகவே கேட்டுவிட்டார்: "செத்துப்போயிரலாம்னு நினைக்கிறியா?" பையன் உடைந்து அழுதான். அவன் அண்ணன் வந்து சேரும்வரை அன்றைக்குக் கடை அடைக்கப்படவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு வாய் வருவதில்லை. இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், தனியாகச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்து, "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழி. வேறு எதற்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், இதற்குச் சொல்லாதீர்கள். "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று சொல்பவரை மிரட்டுகிறார், நடிக்கிறார் என்று ஒதுக்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. 2022இல் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இதில் எத்தனை பேர் முன்கூட்டியே ஏதோ ஒரு வகையில் சொல்லிப் பார்த்திருப்பார்களோ!

நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் தன் பெயரோடு வருவதில்லை. நெஞ்சு படபடக்குது, வயிற்றைப் பிசையுது, மூணு மணிக்கே முழிப்பு வந்துருது, கை கால் அசதி என்றுதான் வரும். கேஸ் மாத்திரை, ஸ்கேன் என்று பணம் கரையும். "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். வீட்டில் உடனே, "ஒண்ணுமில்லையாம், சும்மா சோம்பேறித்தனம்" என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் நாட்டம் போய்விட்டதென்றால் அது சோம்பேறித்தனம் அல்ல. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம்.

மாத்திரை தொடங்கியதும் ஓர் எச்சரிக்கை. பலன் தெரியச் சில வாரம் ஆகும். நாலு நாளில் "வேலை செய்யலை" என்று நிறுத்துவதும், கொஞ்சம் தேறியதும் தாமாகவே விடுவதும் ஆபத்து. முதல் சில வாரங்கள் வீட்டார் கூடவே இருக்க வேண்டும். பூச்சிமருந்து, வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய மாத்திரைகள் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணிவது. அது தணியும்வரை இவற்றைக் கைக்கு எட்டாமல் வைப்பதே பல உயிர்களைக் காக்கும்.

இதைப் படிக்கும் நீங்களே அந்த ஆள் என்றால், உங்களிடம் ஒரு வார்த்தை. இந்த ராத்திரி தனியாக இருக்காதீர்கள். கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் பாயை விரியுங்கள். நண்பன் அறைக்குப் போங்கள். "பேச முடியலை, சும்மா பக்கத்துல இரு" என்று சொன்னால் போதும். குடி வேண்டவே வேண்டாம். துக்கத்தைக் கரைக்காமல், தடுத்து நிறுத்தும் நிதானத்தைத்தான் அது கரைக்கும். மனம் கொஞ்சம் தெளிவாக இருக்கும்போது ஒரு துண்டுத்தாளில் மூன்று பேர் எண்ணை எழுதிப் பர்ஸில் வையுங்கள். அலை அடிக்கும் நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கக்கூட முடியாது.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைப் போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைக்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆகவே மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்தது.

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. பக்கத்தைப் புரட்டும் முன் மூன்றையும் போனில் சேமித்துவிடுங்கள். தேவை உங்களுக்கு இல்லாவிட்டாலும், உங்களிடம் பாக்கி தீர்க்க வருகிற யாருக்காவது இருக்கலாம்.