உஷார்! பழைய மெக்கல்லன் பாட்டிலா? பணத்தை எடுக்காதீர்கள்!

லேபிளில் ‘1878’ என்று இருந்தது. 2017இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகர ஹோட்டல் ஒன்றில், அந்த மெக்கல்லன் விஸ்கி பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒரே ஒரு சிறு அளவுக்குச் சீன விருந்தினர் ஒருவர் கொடுத்தது ஏறத்தாழ 10,000 சுவிஸ் ஃபிராங்க். சந்தேகம் எழுந்து சோதித்தார்கள். உள்ளே இருந்தது பெரும்பாலும் 1970–72 காலத்துச் சரக்கு என்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. அது சிங்கிள் மால்ட்டாகக்கூட இருக்க வாய்ப்பில்லை, கலப்பு விஸ்கி! ஹோட்டல்காரர்களும் ஏமாந்தவர்கள்தான். ஆனாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எல்லா விற்பனையாளரும் அப்படித் தருவார்கள் என்று நம்பிவிடாதீர்கள்.

மோசடிக்காரர்கள் ஏன் மெக்கல்லனையே குறிவைக்கிறார்கள்? ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் 1824இலிருந்து இயங்கும் வடிசாலை அது. ஸ்பெயினின் ஹெரெஸ் நகரத்து ஷெர்ரி ஒயின் ஊறிய ஓக் பீப்பாய்களில் முதிர வைப்பதால் வந்தது அதன் புகழ். 1926இல் வடித்து, 60 ஆண்டுகள் ஷெர்ரி பீப்பாயில் கிடந்து, 1986இல் பாட்டிலில் அடைத்தது வெறும் 40. அதில் ஒன்று 2023இல் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. இந்த விலையைப் பார்த்தபின் திருடன் சும்மா இருப்பானா?

2018இல் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையம் ஒன்று அரிய விஸ்கி 55 பாட்டில்களைச் சோதித்தது. 21 தேறவில்லை. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அதற்குப்பின் விளைந்த பார்லியில் அதன் தடம் இருக்கும். 19ஆம் நூற்றாண்டு விஸ்கியில் அது எப்படி வரும்? ஆய்வகம் பிடிப்பது இப்படித்தான். நம் கண்ணும் நாக்கும் பிடிக்காது.

கருஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்து ஷெர்ரி பீப்பாய் என்று முடிவு கட்டாதீர்கள். கருக்கிய சர்க்கரை அந்த நிறத்தைத் தந்துவிடும். நூறு வருடப் பாட்டில் கழுத்து வரை நிரம்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். கார்க் வழியே கொஞ்சமாவது ஆவியாகியிருக்க வேண்டும். புற ஊதா விளக்கில் லேபிள் பளீரென்று ஒளிர்ந்தால் அது பழைய காகிதம் அல்ல. யாரிடமிருந்து யாரிடம் கை மாறியது என்ற ஆவணம் இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகி வாருங்கள்.

எனக்குப் பெரிய பயம் காலி பாட்டில்கள்தான். கண்ணாடி அசல், பெட்டி அசல், உள்ளே இருப்பது மட்டும் மலிவுச் சரக்கு. தயவுசெய்து அரிய விஸ்கியின் காலி பாட்டிலை எவ்வளவு கொடுத்தாலும் விற்காதீர்கள். லேபிளைக் கிழித்துவிட்டு உடைத்துப் போடுங்கள்.