ஐம்பது வகுப்புகளில் அடங்குமா இயற்கை வளம்?

புது தில்லி: வணிகவியல், வரலாறு, பொறியியல் என எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் இந்திய மாணவர்கள் தவறாமல் சந்திக்கும் பாடம் ஒன்று உண்டு. அதுதான் சுற்றுச்சூழல் கல்வி. காடு, நீர், கனிமம், நிலம் ஆகியவற்றை ஒரு நாடு எப்படிப் பேணிப் பயன்படுத்த வேண்டும் என்பதைக் மாணவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் முறைப்படி படிப்பது இந்தப் பாடத்தில்தான். பலருக்கு அதுவே கடைசி முறையாக அமைந்துவிடுகிறது.

பெரும்பாலான பாடங்களைக் கல்வியாளர்கள் வகுத்தார்கள். இதைக் கொண்டுவந்ததோ உச்ச நீதிமன்றம்.

நீதிமன்றம் தந்த பாடம்: வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் குறித்த படவில்லைகளைக் கட்டணமின்றிக் காட்ட வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பவை அத்தீர்ப்பின் சாரம். சட்டத்தால் மட்டும் இயற்கையைக் காக்க இயலாது, மக்களின் புரிதலும் தேவை என்பதே அதன் அடிப்படை.

ஆனால் உத்தரவு வகுப்பறையை எட்டப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 2003-இல் நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பிறகே பல்கலைக்கழக மானியக் குழுவின் பொதுப் பாடத்திட்டம் கல்லூரிகளில் நடைமுறைக்கு வந்தது. புணேயைச் சேர்ந்த ஈராக் பரூச்சா அதற்கெனப் பாடநூல் ஒன்றை எழுதினார்.

ஆறு வளங்கள், எட்டு வகுப்புகள்: அப்பாடத்திட்டத்தில் மொத்தம் எட்டு அலகுகள்; ஐம்பது வகுப்புகள். இயற்கை வளங்களுக்கு ஒதுக்கப்பட்டவை எட்டு வகுப்புகள் மட்டுமே. அவற்றுக்குள் காடு, நீர், கனிமம், உணவு, எரிசக்தி, நிலம் ஆகிய ஆறையும் முடித்தாக வேண்டும். ஒரு வளத்துக்குச் சராசரியாக ஒன்றரை வகுப்புகூடத் தேறவில்லை. கள ஆய்வுக்கு ஐந்து வகுப்பு நேரம் ஒதுக்கப்பட்டது. தேர்வின் 100 மதிப்பெண்களில் 25 கள ஆய்வுக்கு உரியவை.

திட்டம் காகிதத்தில் நன்றாகவே இருந்தது. எனினும், இப்பாடத்துக்கென ஆசிரியர்களை நியமிக்காமல் வேறு துறையினரிடம் கூடுதல் பணியாக ஒப்படைப்பது, கள ஆய்வை நூலகத்தில் பார்த்தெழுதும் குறிப்பேடாகச் சுருக்கிவிடுவது ஆகிய குறைகள் நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. "மரம் நடுவோம், நீரைச் சேமிப்போம்" என்று எழுதினால் தேர்ச்சி பெற்றுவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. இயற்கை வள மேலாண்மை அறிவுரைகளின் தொகுப்பன்று. எந்த வளம் யாருக்கு, எவ்வளவு, யாருடைய முடிவின்படி என்ற அரசியல் கேள்வி அது.

காடு என்பது எது?: முதல் வகுப்பிலேயே எழ வேண்டிய கேள்வி இது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. அரசு ஆவணத்தில் காடு எனப் பதிவானவை மட்டுமல்ல, அகராதிப் பொருளில் காடாக உள்ள அனைத்துமே சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவை என்றது. 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த விரிந்த பொருள் குறுக்கப்படுவதாக வழக்குகள் தொடுக்கப்பட்டன. 1996-ஆம் ஆண்டின் விளக்கத்தையே மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்து ஏராளமான நிலத்தின் விதி மாறுகிறது.

காட்டைக் காப்பது யார் என்பது அடுத்த கேள்வி. மேற்கு வங்கத்தின் அராபாரியில் 1970-களின் தொடக்கத்தில் வனத்துறை ஒரு சோதனை செய்தது. சிதைந்துபோன சால் மரக்காட்டைச் சுற்றியிருந்த 11 கிராமங்களின் மக்களிடமே பாதுகாப்பை ஒப்படைத்து, வருவாயில் 25 சதவீதத்தைத் தருவதாக உறுதியளித்தது. காடு மீண்டும் தழைத்தது. 1990-இல் மத்திய அரசு அறிவித்த கூட்டு வன மேலாண்மைக் கொள்கைக்கு அது முன்மாதிரியாயிற்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேலும் ஒரு படி சென்று, பங்கு என்பதை உரிமை என்றாக்கியது. அந்த உரிமையின் வலிமை ஒடிசாவின் நியம்கிரி மலையில் வெளிப்பட்டது. அங்கு பாக்சைட் சுரங்கம் தோண்டுவது குறித்து கிராம சபைகளின் முடிவைக் கேட்குமாறு 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. டோங்கரியா கோண்டு பழங்குடியினர் வாழும் அப்பகுதியில் கூட்டப்பட்ட 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன.

பஞ்சாப் சொல்லும் பாடம்: ஒரு வளத்தைத் தனியே பிரித்து நிர்வகிக்க முடியாது என்பதற்குப் பஞ்சாபைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. நெல்லுக்கு உறுதியான அரசுக் கொள்முதலும், பாசன மோட்டார்களுக்கு இலவச மின்சாரமும் அங்கு நிலத்தடி நீரை வற்றச் செய்தன. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, எடுக்கத்தக்க அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான நீர் அம்மாநிலத்தில் உறிஞ்சப்படுகிறது.

நீரைக் காக்கும் நோக்கத்துடன் 2009-இல் மாநில அரசு சட்டமியற்றி, ஜூன் 10-ஆம் தேதிக்கு முன் நெல் நாற்று நடுவதற்குத் தடை விதித்தது. கடும் கோடையில் நீர் ஆவியாவதைக் குறைக்க எடுத்த நியாயமான நடவடிக்கை அது. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்களே எஞ்சின. வைக்கோலை அகற்ற அவகாசமும் பணமும் இல்லாத விவசாயிகள் வயலுக்குத் தீ வைத்தனர். காற்று அடங்கும் நவம்பர் மாதத்தில் அந்தப் புகை தில்லியை நோக்கி வந்தது. வாகனம், தொழிற்சாலை, கட்டுமானத் தூசு ஆகியவற்றால் ஏற்கெனவே திணறும் தலைநகரின் மூச்சு மேலும் அடைபட்டது. நீருக்கான சட்டம் காற்றின் சுமையைக் கூட்டியது. மின்கட்டணக் கொள்கை, கொள்முதல் விலை, பயிர்த்தேர்வு ஆகிய மூன்றையும் தொடாமல் இதற்குத் தீர்வு இல்லை. பொருளாதாரம் படிப்பவருக்கும் சட்டம் படிப்பவருக்கும் இப்பாடம் ஏன் தேவை என்பதற்கு இதுவே விடை.

புதிய வரைவு, பழைய கேள்வி: 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2023-இல் பல்கலைக்கழக மானியக் குழு புதிய பாடத்திட்ட வரைவை வெளியிட்டது. இயற்கை வளங்களும் நீடித்த வளர்ச்சியும் ஓர் அலகாகவும், பருவநிலை மாற்றம் தனி அலகாகவும் இடம்பெற்றன. கள ஆய்வுக்கும் சமூகப் பங்கேற்புக்கும் முக்கியத்துவம் தரப்பட்டது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் கற்பிப்பவர் யார், களத்துக்கு அழைத்துச் செல்பவர் யார் என்ற பழைய கேள்வி அகலவில்லை.

களத்துக்குப் பஞ்சமில்லை. தில்லி மாணவர்களுக்கு வஜீராபாதில் யமுனை இருக்கிறது. அங்கிருந்து ஓக்லா வரையுள்ள சுமார் 22 கிலோமீட்டர், ஆற்றின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. யமுனையின் மாசில் பெரும்பகுதி சேர்வது அந்தத் தூரத்தில்தான். அதே வஜீராபாதில், தில்லி பல்கலைக்கழக அறிவியலாளர்களின் துணையோடு பாழ்பட்ட ஆற்றங்கரை நிலத்தில் உருவாக்கப்பட்ட பல்லுயிர்ப் பூங்காவும் இருக்கிறது. சீரழிவையும் சீரமைப்பையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஏரியோ, ஒரு குவாரியோ, குப்பைக் கிடங்கோ பாடமாகக் காத்திருக்கிறது. தன் ஊரின் நிலத்தடி நீர் எத்தனை அடிக்குக் கீழே போயிருக்கிறது, அதைத் தீர்மானிக்கும் அலுவலகம் எது, அங்கு மனு கொடுக்கும் வழி என்ன என்று தெரிந்துகொண்டு ஒரு பட்டதாரி வெளியேறினால், 1991-ஆம் ஆண்டின் உத்தரவு நிறைவேறியதாகக் கொள்ளலாம். அதற்குத் தகுதியான ஆசிரியரையும் களத்துக்குச் செல்லும் வாய்ப்பையும் தர வேண்டிய பொறுப்பு மத்திய, மாநில அரசுகளுடையது.