பள்ளி உணவில் ஆபத்து எது: நஞ்சா, சமைப்பவரின் சாதியா?

2013 ஜூலை 16 அன்று, பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததை ஆய்வகச் சோதனை உறுதி செய்தது. நரம்பு மண்டலத்தை முடக்கி மூச்சை நிறுத்தக்கூடிய நஞ்சு அது. அதைத் தடை செய்வது குறித்து இந்தியா சிந்திக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருந்தது. காய்கறிப் பயிர்களில் தெளிக்கத் தடை இருந்தபோதிலும், பிற பயிர்களுக்கென அது கடைகளில் விற்கப்பட்டே வந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து, 2018 ஜூலையில், திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்தில் அரசுப் பள்ளி ஒன்றின் சத்துணவு மையத்திற்குத் தலித் பெண் ஒருவர் சமையலராக வந்தார். அவர் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்த்தனர். உணவில் எந்தக் குறையும் கண்டறியப்படவில்லை. ஆயினும் அதிகாரிகள் உடனே அவரை இடமாற்றம் செய்தனர். போராட்டம் எழுந்த பின்னரே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. 2021 டிசம்பரில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்திலும் இதுவே நடந்தது. ஆதிக்கச் சாதி மாணவர்கள் உண்ண மறுத்ததும், நியமன நடைமுறையில் குறை என்று கூறித் தலித் சமையலர் நீக்கப்பட்டார். எதிர்ப்புக்குப் பின் மீண்டும் பணி பெற்றார்.

இந்நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு முறைமை புலப்படுகிறது. உண்மையான நஞ்சு குறித்த எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கிறது. இல்லாத தீட்டு குறித்த புகாருக்கோ சில நாள்களில் அரசாணை பிறக்கிறது. இது ஏன் என்று நாம் கேட்க வேண்டும்.

பழகிப்போன ஆபத்தை மக்கள் அஞ்சுவதில்லை. பூச்சிக்கொல்லிப் புட்டி வேளாண் குடும்பங்களின் வீட்டு மூலையில் இருக்கும் பொருள்; ஆகவே அது ஆபத்தாகத் தோன்றுவதில்லை. ஆனால் சாதியை அறியாமையால் விளைந்த தவறான அச்சம் என்று மட்டும் கொள்வது பிழை. நாற்று நடுவதும் களையெடுப்பதும் கதிர் அறுப்பதும் பெரும்பாலும் தலித் மக்களின் கைகளே. அந்த நெல்லை வீட்டுக்குள் கொண்டுசெல்ல எவரும் தயங்குவதில்லை. அதே கை அதே அரிசியைச் சோறாக்கும்போதுதான் தீட்டு வருகிறது. எனவே இது நலம் பற்றிய அச்சமன்று. யார் யாருக்குக் கீழே என்பதைப் பந்தியில் நிலைநாட்டும் ஏற்பாடு.

அரசு அலுவலர்களுக்கு இது தெரியாததன்று. அவர்கள் கையாள்வது குழந்தைகளுக்கு நேரும் ஆபத்தை அன்று. ஊரில் சிக்கல் எழுந்தால் தமக்கு நேரக்கூடிய ஆபத்தை. 'சட்டம் ஒழுங்கு' என்ற பெயரில், எளிதில் நகர்த்தக்கூடியவரை நகர்த்துகின்றனர். அவர் எப்போதும் தலித் பெண்ணாகவே இருக்கிறார்.

சட்டம் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006, நச்சுப்பொருள், கலப்படம், தூய்மைக்கேடு போன்றவற்றால் உடல்நலத்துக்குக் கேடாக மாறிய உணவையே பாதுகாப்பற்ற உணவு என வரையறுக்கிறது. சமைத்தவரின் பிறப்பு அதில் இல்லை. மாறாக, மதிய உணவுத் திட்டத்தில் சமையலர்களையும் உதவியாளர்களையும் நியமிக்கும்போது தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டது. 2015 ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள், தெரிவு செய்யப்பட்ட பள்ளிகளின் உணவை மாதந்தோறும் ஆய்வகத்தில் சோதிக்கக் கூறுகின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் செய்யப்பட்ட திருத்தம் சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

ஆகவே பள்ளி உணவு குறித்து ஒரு புகார் வரும்போது முதலில் அதை வகைப்படுத்த வேண்டும். எண்ணெய் எங்கே வாங்கப்பட்டது, எந்தக் கலத்தில் வைக்கப்பட்டது, நீர் தூயதா, பரிமாறுமுன் பெரியவர்கள் உண்டு பார்த்தார்களா, மாதிரி சோதனைக்குச் சென்றதா என்பவை உணவு பற்றிய கேள்விகள். அவற்றுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் அன்றே விடை தரவேண்டும். சமைப்பவர் எந்தத் தெரு என்பது உணவு பற்றிய கேள்வியே அன்று. அதை எழுப்புவோர் காவல் நிலையத்தில் விடை சொல்ல வேண்டும். சமையலர் தம் அடுப்படியிலேயே இருக்க வேண்டும்.

சாரணில் இறந்த குழந்தைகள் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களைக் கொன்றது எவருடைய தீண்டலும் அன்று; எவரும் சோதித்துப் பார்க்காத எண்ணெய்.