பிரம்பாசனக் கார்

சென்ற வாரம் எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் படமொன்றைக் கொணர்ந்து காட்டினான். கதவுகளில்லாத சின்னஞ்சிறு கார். கூரைக்குப் பதிலாகக் குஞ்சந் தொங்கும் துணிப்பந்தல். உள்ளே பிரம்பினாற் பின்னிய ஆசனங்கள். இது விளையாட்டுப் பொருளோ, மெய்யான காரோ என்பது அவன் ஐயம். மெய்யான கார்தான். 'கியா ஜொலி' என்பது அதன் பெயர். சீட்டுக்கட்டிலுள்ள கோமாளிச் சீட்டை இத்தாலியர் 'ஜொலி' என்பர்.

அதன் மூலவண்டி பியட் 500. தாந்தே ஜியாகோசா என்னும் பொறியியலாளர் அமைத்த இவ்வண்டி, 1957 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தூரின் நகரில் வெளிவந்தது. ஸ்கூட்டரில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிச்சென்ற எளிய குடும்பத்தவரும் வாங்கக்கூடியதாக ஒரு கார் வேண்டுமென்பதே நோக்கம். நீளம் 3 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பின்புறத்திலே, காற்றினாற் குளிரும் இரு சிலிண்டர் எஞ்சின். முதல் வண்டிகளின் ஆற்றல் 13 பரிவலுவே.

இத்தாலியில் உடல்கட்டுநர் என்றொரு வகுப்பினர் இருந்தனர். கார்க் கம்பனி அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் கொடுக்கும். இவர்கள் தகட்டைச் சுத்தியலால் அடித்து வளைத்து, வாங்குவோர் விரும்பிய உடலை அதன்மேற் பொருத்துவர். நம் நாட்டில் லொறிச் சட்டத்தின்மீது பஸ் உடல் கட்டியதை நேயர்கள் நினைத்துக்கொள்ளலாம். பியட் 500 இலோ சட்டம் வேறு, உடல் வேறு என்பதில்லை. தகட்டுடலே பாரத்தைத் தாங்குகிறது. சப்பாத்துப் பெட்டியின் மூடியையும் பக்கங்களையும் வெட்டிவிட்டால் அது எவ்வாறு துவண்டுபோகுமோ அவ்வாறே, கூரை நீக்கிய இக்காரும் துவளும். ஆகவே தூரின் நகரத்துக் கியா நிறுவனத்தார், ஜொலிக்காகக் கூரையை அறுத்தபின் உருக்குக் குழாய்களை ஒட்டி உடலை உறுதிப்படுத்தினர். இத்தனை வேலையும் சேர, விலை ஏறக்குறைய இருமடங்காயிற்று!

வாங்கியவர் யார்? பியட் குடும்பத்து ஜியானி அக்னெல்லி, கப்பற் செல்வர் ஒனாசிஸ், நடிகர் யூல் பிரின்னர் போன்றோர். உல்லாசப் படகிலே ஏற்றிச்சென்று, கரையில் இறக்கி, கடற்கரை வரை ஓட்டுவதற்கு ஒரு கார்! எளியோர்க்கென எழுந்த வண்டி, கதவையும் கூரையையும் இழந்து செல்வரைச் சேர்ந்த விந்தை எமக்கு நகைப்பையும் சிறிது வருத்தத்தையும் தருகிறது.

வெர்செல்லியில், முன்னாள் விமானி பிரான்சிஸ் லொம்பார்டி உடலை அறுக்காமலே, உள்ளலங்காரத்தைத் திருத்தி விற்றார். அவ்வழி சிக்கனமானது, ஆயினும் எம் மனத்தைக் கவர்ந்தவர் அல்பிரெதோ விஞாலேதான். 1967 இல் அவர் அதே எஞ்சினை வைத்து, 1930களின் பியட் வண்டியை நினைவூட்டும் முகத்துடன் 'கமீன்' என்ற ஈராசனத் திறந்த கார் செய்தார். முன்னே பெரிய காற்றடைப்பு முகப்பு இருக்கும். அதனுள்ளே எஞ்சின் இல்லை, எஞ்சின் பின்னாலே! இங்கிலாந்தில் அதனைச் சிறுவர் கதையில் வரும் நொடிப் பொம்மையின் காருக்கு ஒப்பிட்டனர்.

பார்த்தோர் சிரித்தனர், வாங்கினோர் சிலரே. பெரிய கம்பனிகள் அச்சழுத்திகளால் முழு உடலையே வார்த்தெடுக்கத் தொடங்கிய காலத்தில், சுத்தியற்காரருக்கு இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1969 இல் விஞாலே தம் தொழிற்சாலையை டி தொமாசோவிடம் விற்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே கார் விபத்தொன்றில் அவர் மாண்டார்.